பிரேக் புகார்களை யார் கூட்டிப் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

எஸ்யூவி உரிமையாளர்கள் பிரேக் குறித்துச் சொல்லும் குறைகள் நம் நாட்டில் எங்கே போய்ச் சேர்கின்றன என்பது பற்றித் தங்கள் வாசகர்களோடும், முடிந்தால் போக்குவரத்துத் துறையினரோடும் சில செய்திகளைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். ஏர்பேக் எத்தனை, நட்சத்திரம் எத்தனை என்று கேட்டு வண்டி வாங்கும் பழக்கம் அண்மைக் காலத்தில் நம்மிடையே வந்திருக்கிறது. 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் மோதல் சோதனை அந்தப் பழக்கத்தை வலுப்படுத்தியிருக்கிறது; சென்னையை அடுத்த ஒரகடத்திலேயே அதற்கான வசதி இருப்பது நமக்குப் பெருமைதான். ஆனால் அந்த நட்சத்திரங்கள் பெரும்பாலும், வண்டி மோதிய பிறகு உள்ளே இருப்பவர் பிழைப்பாரா என்பதைச் சொல்பவை. வாங்கி மூன்று ஆண்டுகள் ஓட்டிய பிறகு, ஏழு பேரும் அவர்களுடைய மூட்டை முடிச்சுகளும் ஏறிய நிலையில், மலை இறக்கத்தில் அந்த வண்டி நிற்குமா என்பதை அவை சொல்வதில்லை. அதை முதலில் அறிகிறவர் வண்டியை ஓட்டுகிறவர்தான். அவர் சொல்வதைக் கேட்டுக் குறித்துவைக்கவும், பிறர் சொல்வதோடு ஒப்பிடவும் நம்மிடம் ஒழுங்கான ஏற்பாடு இல்லை என்பதே நான் இங்கே முன்வைக்கும் குறை.

உரிமையாளர்கள் சொல்பவை எல்லாம் ஒரே வகைக் கோளாறு அல்ல. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவதால்தான் அவற்றைத் தட்டிக்கழிப்பதும் எளிதாகிறது. பெடல் திடீரென இறுகிப்போய், எவ்வளவு மிதித்தாலும் வண்டியின் வேகம் குறையாதது ஒருவகை. நம் கால் அழுத்தத்தைப் பன்மடங்காக்கித் தருகிற பூஸ்டருக்கு வேக்குவம், அதாவது காற்று உறிஞ்சப்பட்ட வெற்றிடம், வேண்டும். சாதாரணப் பெட்ரோல் எஞ்சினில் அது உறிஞ்சு குழாயிலிருந்தே கிடைத்துவிடும், டீசல் எஞ்சினுக்கோ அதற்கென்று தனி பம்ப் தேவை. பம்ப் தேய்ந்தாலும், குழாயில் விரிசல் விழுந்தாலும், ஒருவழி வால்வு பழுதானாலும், இரண்டு டன்னை நெருங்கும் வண்டியை வெறும் கால் பலத்தால் நிறுத்த வேண்டிய நிலை வந்துவிடும். இதற்கு நேர்மாறாக, பெடல் மெல்ல உள்ளே அமிழ்ந்து தரையைத் தொடுவது இன்னொரு வகை. அது, பெடலின் அழுத்தத்தை பிரேக் ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரின் சீல் கசிவதையோ குழாய்க்குள் காற்று புகுந்ததையோ காட்டும். மலை இறக்கத்தில் தொடர்ந்து மிதித்துக்கொண்டே வரும்போது பிடிப்பு தளர்வது மூன்றாவது வகை. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. டாட் 4 தர ஆயிலுக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி செல்சியஸ் என்றால், ஈரம் ஏறிய பிறகு அதற்கு விதிக்கப்பட்ட அளவு 155 டிகிரிதான். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றாமல் கல்லட்டி மலைச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் என்ன ஆகும் என்பதை நீலகிரிக் காவல் துறையினரைக் கேட்டால் விரிவாகவே சொல்வார்கள்.

இவை போதாதென்று மின்னணுவியல் சார்ந்த குறைகளும் சேர்ந்திருக்கின்றன. பலமாக மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்யும்போது பெடல் துடிப்பது இயல்பு. அதைக் கோளாறு என்று எண்ணி அஞ்சுவோர் உண்டு. ஆனால் ஜல்லி பெயர்ந்த சாலையில் ஏபிஎஸ் விட்டு விட்டுப் பிடிப்பதால் வண்டி நிற்கும் தூரம் கூடுவதும் உண்மை. அந்த வேறுபாட்டை வாங்குபவருக்கு விளக்கிச் சொல்லும் ஷோரூமை நான் இதுவரை பார்த்ததில்லை. தானியங்கி அவசரப் பிரேக் உள்ள மாடல்களில், பக்கவாட்டிலிருந்து ஒரு இருசக்கர வாகனம் நுழைந்தவுடன் வண்டி தானே சடாரென்று நின்று, பின்னால் வந்தவர் மோதும் நிலை ஏற்படுவதாகப் பலர் சொல்கிறார்கள். இவற்றில் எது வடிவமைப்புக் குறை, எது பராமரிப்புக் குறை, எது ஓட்டுநரின் பழக்கக் குறை என்பதைத் தனி ஒருவரின் புகாரை வைத்துப் பிரித்தறிய முடியாது. ஒரே மாடலில், ஒரே காலகட்டத்தில் தயாரான வண்டிகளில், ஒரே மாதிரியான அறிகுறி எத்தனை பேருக்கு வந்தது என்று கூட்டிப் பார்த்தால்தான் உண்மை தெரியவரும்.

கூட்டிப் பார்ப்பதற்கு முதலில் புகார் என்று ஒன்று எழுத்தில் இருக்க வேண்டும் அல்லவா? அங்கேயே தொடங்குகிறது சிக்கல். நான் வைத்திருக்கும் எஸ்யூவியில் வால்பாறையிலிருந்து ஆழியாறு நோக்கி இறங்கும்போது பெடல் இறுகிப்போனது. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கையும் இழுத்து ஓரம் கட்டினேன். சர்வீஸ் சென்டரில் இதை விளக்கமாகச் சொன்னேன். அட்வைசர், செய்ய வேண்டிய வேலையைக் குறிக்கும் ஜாப் கார்டில் எழுதியதோ, ‘பிரேக் சத்தம், சரிபார்க்கவும்’ என்று மட்டும். பேடுகளைச் சுத்தம் செய்து, ஷோரூமைச் சுற்றியுள்ள சமதளச் சாலையில் ஓட்டிப் பார்த்து, குறை எதுவும் இல்லை என்று எழுதி வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். “உங்க வண்டிக்கு மட்டும்தான் சார் இப்படிச் சொல்றீங்க” என்றார் அவர். காத்திருப்பு அறையில் அதே மாடல் வைத்திருந்த மற்றொருவரிடம் பேச்சுக் கொடுத்தபோது, அவருக்கும் பெடல் இறுகியிருக்கிறது, அவருக்கும் அதே பதில்தான் கிடைத்திருக்கிறது என்று தெரிந்தது. பின்னர் வெளியே ஒரு மெக்கானிக், பூஸ்டருக்குச் செல்லும் வேக்குவம் குழாயில், கிளிப்புக்கு அடியில் மறைந்திருந்த விரிசலைக் கண்டுபிடித்து மாற்றிக் கொடுத்தார். செலவு பெரிதல்ல. அந்த விரிசல் என் வண்டிக்கு மட்டும் வந்ததா, அல்லது அந்த மாதத்தில் பொருத்தப்பட்ட குழாய்கள் எல்லாவற்றிலும் வரக்கூடியதா என்பதுதான் கேள்வி. தயாரிப்பாளர் அறிய வேண்டிய அந்தச் செய்தி, ஜாப் கார்டில் ‘சத்தம்’ என்று பதிவானதோடு நின்றுவிட்டது. நிறுவனத்தின் பெயரைச் சொல்லிப் பழிதீர்த்துக்கொள்வது இக்கடிதத்தின் நோக்கமல்ல என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். வேறு நிறுவனங்களின் வாடிக்கையாளர்களும் இதே அனுபவத்தைச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

சட்டம் இல்லை என்று சொல்வதற்கில்லை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, ஓட்டுநருக்கோ பயணிகளுக்கோ சாலையில் செல்லும் மற்றவர்களுக்கோ தீங்கு விளைவிக்கக்கூடிய குறைபாடு உள்ள வாகனங்களைச் சரிசெய்வதற்காகத் திரும்ப அழைக்கும்படி தயாரிப்பாளருக்கு உத்தரவிட மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. அந்தக் குறைபாடு மூன்று வழிகளில் அரசுக்குத் தெரியவரலாம்: குறிப்பிட்ட சதவீத உரிமையாளர்கள் வாயிலாக, ஒரு சோதனை அமைப்பு வாயிலாக, அல்லது வேறு எந்த வழியிலேனும். தயாரிப்பாளர் தாமாகவே குறையைக் கண்டு அரசுக்கு அறிவித்துத் திரும்ப அழைத்தால் அபராதம் இல்லை என்ற நியாயமான சலுகையும் அதில் உண்டு. இதையொட்டி 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகள்தாம் கதவைக் குறுக்கிவிட்டன. ஆண்டுக்கு 10,000-க்கு மேல் விற்பனையாகும் கார் அல்லது எஸ்யூவி மாடல் என்றால், உரிமையாளர்களின் புகார் ஆயிரத்தைத் தாண்டிய பிறகுதான் கட்டாயத் திரும்ப அழைப்புக்கான நடவடிக்கை தொடங்கும். வாகனமும் தயாராகி 7 ஆண்டுகளுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். அபராதத்தின் உச்சம் 1 கோடி ரூபாய். மாதந்தோறும் ஆயிரக்கணக்கில் எஸ்யூவி விற்கும் நிறுவனத்துக்கு அது ஒரு விளம்பரச் செலவுக்கும் காணாது.

இருக்கை உறையோ பாட்டுக் கருவியோ பழுதானால் ஆயிரம் பேர் சொல்லட்டும் என்று காத்திருக்கலாம். பிரேக் விஷயத்தில் ஆயிரமாவது புகார் வரும்வரை முந்தைய 999 பேரும் அதே வண்டியில்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றுகொண்டிருப்பார்கள். மேலும், வாகனப் பதிவுக்கான அரசின் வாகன் இணையதளத்தில் நான் என் புகாரைப் பதியலாமே ஒழிய, என் மாடலைப் பற்றி மற்றவர்கள் என்ன பதிந்திருக்கிறார்கள் என்பதை நான் படித்துப் பார்க்க வழியில்லை. எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று தெரியாத வரிசையில் நிற்க யாருக்குத்தான் மனம் வரும்?

ஏழு ஆண்டு வரம்பு எவ்வளவு பொருத்தமற்றது என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டு போதும். 2022-இல் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் எம்எல், ஜிஎல், ஆர் வகை வாகனங்களை உலகெங்கும் ஏறத்தாழ 10 லட்சம் அளவில் திரும்ப அழைத்தது. அவை 2004-க்கும் 2015-க்கும் இடையில் தயாரானவை. பிரேக் பூஸ்டரின் கூட்டில் நீர் தேங்கித் துரு ஏறி, அரிதான சந்தர்ப்பங்களில், பலமாக மிதிக்கும்போது பெடலுக்கும் பிரேக் அமைப்புக்கும் இடையிலான இணைப்பே அற்றுப்போகலாம் என்று அந்த நிறுவனமே அறிவித்தது. அமெரிக்காவில் அதற்கு உட்பட்ட 2,92,287 வாகனங்களின் உரிமையாளர்களிடம், சோதனை முடியும்வரை வண்டியை ஓட்டவே வேண்டாம், நாங்களே இலவசமாக இழுத்துச் செல்கிறோம் என்று சொன்னார்கள். துரு என்பது ஆண்டுக்கணக்கில் ஏறுவது. ஏழாவது ஆண்டு நிறைவு நாளைப் பார்த்து நிற்காது. நம் விதியின்படி கணக்கிட்டால் அந்த வாகனங்களில் மிகப் பெரும்பாலானவை கட்டாயத் திரும்ப அழைப்பின் வரம்புக்கு வெளியே நின்றிருக்கும். மும்பையிலும் சென்னையிலும் கடற்கரை உப்புக் காற்றில், மழைநீர் தேங்கும் தெருக்களில் ஓடும் வண்டிகளுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

2023 செப்டம்பரில் ஹூண்டாய், கியா நிறுவனங்கள் அமெரிக்காவில் ஏறத்தாழ 34 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்ததும் ஏபிஎஸ் தொடர்பானதே. டூசான், சான்டா ஃபே, சொரென்டோ, ஸ்போர்டேஜ் போன்ற எஸ்யூவிகளும் அதில் அடங்கும். ஏபிஎஸ் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் பிரேக் ஆயில் கசிந்து, மின்கசிவு ஏற்பட்டு, நிறுத்தி வைத்திருக்கும்போதே எஞ்சின் பகுதி தீப்பிடிக்கலாம் என்பதால், பழுது நீக்கும்வரை வண்டியை வீட்டை விட்டுத் தள்ளி, திறந்த வெளியில் நிறுத்தச் சொன்னார்கள். அந்நாட்டில் வாகனப் பாதுகாப்புக்கான சட்டம் 1966-இலேயே வந்துவிட்டது. பின்னர் 1970-இல் அமைந்த நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் உரிமையாளர்கள் அளிக்கும் புகார்களை, பெயர் முகவரி நீக்கி, மாடல்வாரியாக எவரும் படிக்கலாம். இத்தனை புகார் வந்தால்தான் விசாரணை என்ற எண்ணிக்கை அங்கே கிடையாது. 2000-ஆம் ஆண்டில் ஃபோர்டு எக்ஸ்புளோரர் எஸ்யூவிகளில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிரிந்து வண்டிகள் உருண்ட விவகாரத்துக்குப் பின், அமெரிக்கக் காங்கிரஸ் இன்னொரு சட்டத்தையும் இயற்றியது. அந்த விவகாரத்தில் 270-க்கும் மேற்பட்டோர் இறந்ததாகக் கணக்கிடப்பட்டது. அமெரிக்காவில் திரும்ப அழைப்பு அறிவிக்கப்படுவதற்கு முன்பே வளைகுடா நாடுகளில் டயர்களை மாற்றிக் கொடுத்து வந்தார்கள் என்பது பெரும் கோபத்தை உண்டாக்கியது. அதனால்தான், வெளிநாட்டில் ஒரு பாதுகாப்புக் குறைக்காக வாகனத்தை அழைத்தால் ஐந்து வேலை நாட்களுக்குள் அமெரிக்க அரசுக்கும் தெரிவிக்க வேண்டும், உத்தரவாதக் காலப் பழுதுகளின் விவரங்களையும் தொடர்ந்து அனுப்ப வேண்டும் என்று புதிய சட்டம் கட்டாயப்படுத்தியது. அமெரிக்காவின் எல்லாவற்றையும் நாம் பின்பற்ற வேண்டும் என்பது என் கருத்தல்ல. இந்த ஒன்றைப் பின்பற்றலாம்.

நம் நாட்டுத் தயாரிப்பாளர்கள் தாமாகவே முன்வந்து செய்தவற்றையும் சொல்லிவிடுவது நேர்மை. 2023 ஆகஸ்டில் மஹிந்திரா நிறுவனம் எக்ஸ்யூவி 400 மின்சார எஸ்யூவிகளில் 3,560-ஐ, பெடல் எவ்வளவு மிதிபடுகிறது என்பதை அளக்கும் பிரேக் பொட்டன்ஷியோமீட்டரின் ஸ்பிரிங் சரியாகத் திரும்பாத குறைக்காகச் சோதிக்க அழைத்தது. தயாரிப்புத் தேதி வரம்பையும் வெளியிட்டது. இதற்காக அந்த நிறுவனத்தைக் குறைசொல்வோரும் இருந்தார்கள். என்னைக் கேட்டால், திரும்ப அழைக்கிற நிறுவனத்தைவிட, ஒருமுறைகூடத் திரும்ப அழைக்காத நிறுவனத்தைப் பார்த்துத்தான் வாங்குபவர் யோசிக்க வேண்டும். உரிமையாளர்களாகிய நம்மிடமும் குற்றம் இல்லாமல் இல்லை. அழகுக்காகப் பெரிய அலாய் வீலும் அகலமான டயரும் மாட்டி, விலை குறைவு என்று போலி பேடு போட்டு, இறக்கத்தில் கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு, பிறகு பிரேக்கைக் குறைகூறுவோரும் இருக்கிறார்கள். அவர்களுடைய புகாரையும் உண்மைப் புகாரையும் பிரித்துக் காட்டவும் ஒரு பொதுப் பதிவேடுதான் உதவும்.

விபத்து நடந்த பிறகு என்ன ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வண்டி காவல் நிலைய வாசலில் நிற்கும். மக்கள் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்று அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பார்ப்பார். ‘இயந்திரக் கோளாறு காரணமாக இவ்விபத்து நிகழவில்லை’ என்ற வாசகம் அறிக்கையில் ஏறும். நொறுங்கிய முன்பகுதியோடு நிற்கும் வண்டியில், மலையில் சூடேறியபோது மட்டும் தலைகாட்டிய குறையையோ, மென்பொருளில் ஒரு நொடி ஏற்பட்ட பிழையையோ கண்டுபிடிக்க அந்த ஆய்வாளருக்கு எந்தக் கருவியும் தரப்படவில்லை. அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. ஆனால் அந்த ஒற்றை வரி, ஓட்டுநரைக் குற்றவாளியாக்கவும் தயாரிப்பாளரைக் கேள்வியிலிருந்து விடுவிக்கவும் போதுமானதாகிவிடுகிறது. சென்னை ஐஐடி உருவாக்கிய விபத்துத் தரவுத் தளம் இன்று நாடு முழுவதும் பயன்பாட்டில் இருக்கிறது; காவலரும் ஆய்வாளரும் விவரங்களை அதிலேயே பதிகிறார்கள். 2022-இல் நாட்டில் நடந்த 4,61,312 சாலை விபத்துகளில் 64,105 தமிழ்நாட்டில் நடந்தவை. இவ்வளவு தரவு கையில் இருந்தும், ஆண்டறிக்கையில் கார், பேருந்து, இருசக்கர வாகனம் என்ற வகைப்பாடுதான் கிடைக்கிறது. எந்த மாடல் என்ற விவரம் பொதுமக்களுக்கு வருவதில்லை.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்று சிலர் கேட்கக்கூடும். போகலாம். ஆனால் உற்பத்திக் குறை என்று நிரூபிக்கும் சுமை பெரும்பாலும் வாங்கியவர் தலையில்தான் விழுகிறது. தகுதியுள்ள ஆய்வகத்தின் அறிக்கை இல்லாமல் வாதாடுவது கடினம். தீர்ப்பு வந்தாலும் அது அந்த ஒரு வண்டிக்கு மட்டுமே. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு, ஆபத்தான பொருள்களைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரம் 20-ஆவது பிரிவில் இருக்கிறது. அந்த அதிகாரத்தை பிரேக் போன்ற உயிர்க்கருவிகளின் விஷயத்தில் பயன்படுத்தத் தயங்க வேண்டியதில்லை.

ஆகவே அரசு செய்ய வேண்டியது புதிய சட்டம் இயற்றுவதல்ல. பிரேக், ஸ்டியரிங், ஏர்பேக், எரிபொருள் கசிவு ஆகிய நான்கிலும் புகார் எண்ணிக்கை வரம்பையும் ஏழு ஆண்டு வரம்பையும் நீக்கிவிட்டு, 110ஏ பிரிவு சொல்லும் ‘வேறு எந்த வழி’யையும் உண்மையாகவே திறந்துவிட வேண்டும். வாகன் தளத்தில் பதிவாகும் புகார்களைத் தனிப்பட்ட விவரங்களை நீக்கிப் பொதுவில் வைக்க வேண்டும். ஜாப் கார்டில் வாடிக்கையாளர் சொன்னதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி, அவரிடம் கையொப்பம் பெற்று, நகல் கொடுக்க வேண்டும் என்பதைக் கட்டாயமாக்க வேண்டும். வண்டியைப் பழையதாக வாங்கியவருக்கும் திரும்ப அழைப்புச் செய்தி போய்ச் சேரும்படி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றும்போதே சேஸிஸ் எண்ணை வைத்துச் சரிபார்த்துச் சொல்லிவிடலாம். அதற்குத் தேவையான தரவு அரசிடமே இருக்கிறது.

அதுவரை, இத்தகைய குறை கண்ட வாசகர்கள் பெடல் இறுகியதா அமிழ்ந்ததா, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததா, ஏற்றமா இறக்கமா, எச்சரிக்கை விளக்கு எரிந்ததா என்பதை அன்றே எழுதி வைத்துக்கொண்டு, அட்வைசரிடம் வாய்மொழியாகச் சொல்வதோடு நில்லாமல் நிறுவனத்துக்கு மின்னஞ்சலிலும் அனுப்பி, வாகன் தளத்திலும் பதிய வேண்டுகிறேன். தங்களிடம் ஒரு விண்ணப்பமும் உண்டு. திரும்ப அழைப்பு அறிவிப்புகள் பெரும்பாலும் ஆங்கில வணிகப் பக்கங்களோடு நின்றுவிடுகின்றன. மாதம் ஒருமுறை, எந்த மாடல், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை தயாரானது, என்ன குறை என்ற மூன்றையும் தமிழில் ஒரு சிறு பெட்டிச் செய்தியாகத் தங்கள் நாளிதழ் வெளியிட்டால், வாடகைக்கு எஸ்யூவி ஓட்டிப் பிழைக்கும் ஓட்டுநர்கள் உட்படப் பலருக்கும் அது நேரடியாகப் பயன்படும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
கோயம்புத்தூர்.